பிளாக் பெல்ட் பழைய இதழ்கள்: புரட்டியவர்கள் பார்த்ததை எழுதுங்கள்

முதல்டான்:
பிளாக் பெல்ட், தற்காப்புக் கலைகளுக்கான அமெரிக்க இதழ். அது புரூஸ் லீயால் வளர்ந்த பத்திரிகை என்று அடிக்கடி எழுதுகிறார்கள். இதழ்களைத் தேதி வரிசையில் புரட்டினால் கதை வேறு. மிட்டோ உயெஹாரா இதைத் தொடங்கியது 1961இல். ஆரம்ப இதழ்களில் ஜூடோ, கராத்தே, ஐகிடோ, கெண்டோவின் ஆட்சிதான். குங்ஃபூ பிறகுதான் இடம் பிடிக்கிறது. கிளாசிக்கல் கராத்தேயிலிருந்து விடுபடச் சொல்லும் லீயின் பிரபலமான கட்டுரை 1971 செப்டம்பர் இதழில் வந்தது. லீ நடித்த 'தி பிக் பாஸ்' படம் ஹாங்காங்கில் திரைக்கு வந்ததோ அந்த அக்டோபரில். ஆக, சினிமாப் புகழைப் பார்த்துப் போட்ட கட்டுரை இல்லை அது.

இன்னொன்று: அமெரிக்க மாத இதழ்களின் அட்டையில் இருக்கும் மாதம், கடைக்கு வந்த மாதத்துக்குப் பிந்தையது. போட்டி முடிவுகளை அட்டைத் தேதியோடு பொருத்தினால் வரிசை குழம்பும். உள்ளே செய்தியில் இருக்கும் தேதியை மட்டும் நம்புங்கள்.

கடைசிப்பக்கம்:
சரியாகச் சொன்னீர்கள். தேதிக் குழப்பம் புத்தகங்களிலும் உண்டு. பத்திரிகையின் கூடவே உயெஹாரா நடத்திய ஓஹாரா பப்ளிகேஷன்ஸ், லீ இறந்த பிறகு 1975இல் 'தாவோ ஆஃப் ஜீத் குனே டோ'வை வெளியிட்டது. ஜீத் குனே டோ என்பது லீ தானே உருவாக்கிய சண்டை முறை. 1970இல் முதுகில் அடிபட்டுப் படுத்திருந்தபோது எழுதிய குறிப்புகள்தான் அதில் பெரும்பகுதி. அவரே கோத்த நூல் அல்ல. தொகுத்தவர் கில்பர்ட் ஜான்சன். அடுத்து வந்த நான்கு பாக 'ஃபைட்டிங் மெத்தட்' நூலின் புகைப்படங்கள் 1960களில் எடுத்தவை. லீயின் மாணவர்கள் டான் இனோசான்டோவும் டெட் வாங்கும் அவற்றில் இருக்கிறார்கள். அந்தப் படங்களை வைத்து லீயின் கடைசிக்கால நிலைப்பாடு இதுதான் என்று வாதாடுவது வீண் வேலை.

மடிப்புத்தாள்:
விலைக்கு வாங்குபவர்களுக்கு. நடுவில் பின் அடித்த இதழ் என்றால் முதலில் பின்னைப் பாருங்கள். துருப்பிடித்திருந்தால் நடுத்தாள் கழன்றுவிடும். 64 பக்க இதழில் 3ஆம் பக்கமும் 62ஆம் பக்கமும் ஒரே தாள். முன்னால் ஒன்று கிழிந்திருந்தால், 65இலிருந்து அந்த எண்ணைக் கழித்து வரும் பக்கம் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். சந்தா கூப்பனை யாராவது வெட்டியிருந்தால் பின்பக்கக் கட்டுரையில் ஓட்டை விழும். "முழு இதழ்" என்று போட்டு விற்பதில் பாதி இப்படித்தான்.

ஸ்கேன் செய்வதானால் பக்கத்துக்குப் பின்னால் கறுப்புத் தாள் வையுங்கள், மறுபக்க எழுத்து தெரியாது. படங்களை 600 டிபிஐயில் எடுத்து, அச்சுப் புள்ளிகளை லேசாக மங்கவைத்து, பிறகு 300க்குக் குறையுங்கள். நேராகக் குறைந்த அளவில் எடுத்தால் கட்டம் கட்டமாக அலையடிக்கும்.

முதல்டான்:
படிக்க மட்டும் என்றால் காசே வேண்டாம். கூகுள் புக்ஸில் பழைய இதழ்கள் முழுதாக, பத்தாண்டு வாரியாகக் கிடக்கின்றன. தேடுபெட்டியை மட்டும் நம்பாதீர்கள். ஜப்பானிய, சீனப் பெயர்களை இயந்திரம் தப்பாக வாசித்திருக்கும். ஒரே பெயரை மூன்று விதமாக அடித்துப் பாருங்கள், இல்லையென்றால் பொருளடக்கப் பக்கத்திலிருந்து போங்கள்.

விளம்பரங்களைத் தாண்டிப் போகாதீர்கள். 1980களில் நிஞ்ஜா அலை அடித்ததைக் கட்டுரைகளைவிட அவைதான் பச்சையாகக் காட்டும்: கறுப்பு உடை, முகமூடி, எறிநட்சத்திரம், எல்லாம் தபாலில்.

கடைசிப்பக்கம்:
படிப்படியான படங்களைப் பார்த்துப் பழகுபவர்களுக்கு ஒன்று. எதிராளியை எறிந்து வீழ்த்துவதை நான்கு படத்தில் காட்டினால், சமநிலை குலைக்கும் கணம் 2க்கும் 3க்கும் நடுவில் விழுந்துவிடும். ஐகிடோவில் ஹகாமா என்ற அகலமான மடிப்புக் காற்சட்டை பாதத்தை மூடிவிடும். அதனால் கையைப் பார்க்காமல் இடுப்புப் பட்டையின் முடிச்சு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். எடை எந்தக் காலில் என்று ஓரளவு பிடிபடும். படங்கள் சில நேரம் இடவலமாக மாறியும் அச்சாகியிருக்கும். பயிற்சி உடையின் மேல்சட்டையில், அணிந்தவரின் இடது மடிப்பு மேலே இருக்க வேண்டும். வலது மடிப்பு மேலே இருந்தால் படம் திரும்பியிருக்கிறது, காலையும் மாற்றிப் படியுங்கள்.