கிளாஸ் இல்லாத கர்ப்ஸ் ஆட்டத்தில் 150 புள்ளிக் கதாபாத்திரங்களைச் சமன்செய்வது எப்படி?

துறைமுகக் காவலன் (கேள்வி):

வணக்கம். கர்ப்ஸ் (GURPS) என்பது ஆளுக்கொரு கதாபாத்திரமாக, பகடை உருட்டிக் கதை நடத்தும் மேசையாட்டம். அதன் நான்காம் பதிப்பின் விதிகளைக் கொண்டு, ஒரு கற்பனைத் துறைமுக நகரத்தில் நடக்கும் தொடராட்டத்தைத் தொடங்கியிருக்கிறேன். வணிகப் போட்டி, ஒற்றாடல், அவ்வப்போது தெருச்சண்டை ஆகிய மூன்றும் கலந்த கதை. கிளாஸ் என்ற ஏற்பாடு (வீரன், திருடன் போன்ற ஆயத்தத் தொழில்வகை) வேலையை முன்கூட்டியே பிரித்து வைக்காமல், வேண்டிய பண்புகளையும் திறன்களையும் ஆட்டக்காரரே புள்ளி கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்பதால்தான் இந்த விதிமுறையைத் தேர்ந்தேன். ஆளுக்கு 150 புள்ளி கொடுத்தேன். குறைபாடுகளை ஏற்றுக்கொண்டு மேலும் 75 புள்ளி வரை ஈட்டிக்கொள்ளவும் அனுமதித்தேன்.

ஒருவர் டெக்ஸ்டெரிட்டியை (உடல் லாகவத்தைக் குறிக்கும் அடிப்படைப் பண்பு) 14 வரை உயர்த்திவிட்டு, வாள், வில், பதுங்கல், ஏறுதல், குதிரையேற்றம் ஆகிய ஐந்துக்கும் தலா இரண்டே புள்ளி போட்டார். ஐந்தும் 14 ஆகிவிட்டன. இன்னொருவர் வணிகர். அடிப்படைப் பண்புகள் அனைத்தையும் 10இலேயே விட்டுவிட்டு, பேரம், கணக்கு, சரக்கு மதிப்பீடு, சட்டம் என்று ஒரு டஜன் திறன்களுக்குத் தலா நான்கு புள்ளி செலவிட்டார். எல்லாம் 11இல் நிற்கின்றன. கொடுத்த மொத்தப் புள்ளி இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் முன்னவர் தொட்டதெல்லாம் துலங்குகிறது. பின்னவர் தம் சொந்தத் தொழிலிலேயே மூன்றில் ஒரு முறைக்கு மேல் தோற்கிறார். விலைப்பட்டியலைத் திருத்துவதா, பண்புகளுக்கு உச்சவரம்பு வைப்பதா, அல்லது கிளாஸ்களையே பின்வாசல் வழியாகக் கொண்டுவருவதா?

கணக்குப்பிள்ளை:

விலைப்பட்டியலில் கைவைக்கும் முன், அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். வாள் முதலிய அந்த ஐந்து திறன்களும் சராசரிக் கடினம் உடையவை. டெக்ஸ்டெரிட்டி 10இல் இருந்துகொண்டு அப்படிப்பட்ட ஒரு திறனை 14க்குக் கொண்டுபோக 16 புள்ளி ஆகும், ஐந்துக்கு 80. உங்கள் வாள்வீரர் டெக்ஸ்டெரிட்டிக்கு 80, திறன்களுக்கு 10 என மொத்தம் 90 செலவிட்டிருக்கிறார். இதுவரை அவருக்குத்தான் நட்டம். ஆனால் நான்கு படி டெக்ஸ்டெரிட்டியோடு அடிப்படை வேகத்தில் ஒரு முழுப் படியும் சேர்ந்தே வருகிறது. தனியாக வாங்கினால் அதன் விலை 20. ஆறாவது திறனிலிருந்து லாபம் வெளிப்படையாகவே தெரியும்; பத்துத் திறன் என்றால் 160க்கு எதிராக 100. ஆக, டெக்ஸ்டெரிட்டியும் ஐக்யூவும் (அறிவுக்கூர்மைப் பண்பு) மொத்தக் கொள்முதல், தனித்தனித் திறன்கள் சில்லறைக் கொள்முதல். பல திறன் வேண்டும் என்பவர் சில்லறையில் வாங்கினால் இழப்பது உறுதி. உங்கள் வணிகர் செய்திருப்பது அதுதான்.

அவருடைய பன்னிரண்டு திறன்களும் ஐக்யூவைச் சார்ந்த சராசரித் திறன்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஐக்யூ 10இலிருந்து அவற்றை 13க்கு உயர்த்த 144 புள்ளி. ஐக்யூ 13க்கு 60, திறன்களுக்குத் தலா இரண்டு என்றால் 84 போதும். அந்த 60க்குள் மனவுறுதியும் கூர்நோக்கும் மும்மூன்று படி உயர்ந்துவிடுகின்றன; அவற்றின் தனிவிலை மட்டுமே 30. பிசினஸ் அக்யூமென் என்ற டேலன்ட் (ஒரு துறையில் இயல்பான நாட்டம்) படிக்கு 10 புள்ளிக்குக் கிடைக்கிறது. பேரம், கணக்கு, சந்தை ஆய்வு, நிதி உள்ளிட்ட எட்டுத் திறன்களை அது ஒருசேர உயர்த்தும். உச்சம் நான்கு படி. எனவே முதல் வேலையாக, அவருக்கு அபராதம் எதுவும் இல்லாமல் கதாபாத்திரத்தை மறுபடி கட்டிக்கொள்ள வாய்ப்பளியுங்கள். விதிகளை நன்கு அறிந்தவருக்கும் புதியவருக்கும் இடையிலான இந்த இடைவெளியைத்தான் பல மேசைகளில் சமனின்மை என்று சொல்கிறார்கள். சமனின்மையில் அது ஒரு பகுதி மட்டுமே.

மற்றொரு பகுதி பகடையில் இருக்கிறது. மூன்று பகடைகளின் கூட்டுத்தொகை திறனளவுக்குள் அடங்கினால் வெற்றி. 10க்கு 50 விழுக்காடு, 11க்கு 62.5, 14க்கு 90.7, 15க்கு 95.4, 16க்கு 98.1. பத்திலிருந்து பதினொன்றுக்கு ஏறினால் 12.5 கிடைக்கிறது, பதினைந்திலிருந்து பதினாறுக்கு ஏறினால் மூன்றுகூட இல்லை. உயர்நிலையில் ஒரு படியின் விலையோ மாறாமல் நான்கு புள்ளியாகவே நிற்கிறது. அப்படியானால் உயர்ந்த திறன் வீண்செலவு அல்லவா என்று தோன்றும். வணிகருக்கு அது உண்மை, வாள்வீரருக்கு இல்லை. அவர் மிகையான திறனைச் செலவழிக்க விதிகளே வழி தருகின்றன: கழுத்தைக் குறிவைக்க −5, மண்டையோட்டுக்கு −7, எதிராளியின் தடுப்பை ஒரு படி குறைக்க −2. தடுப்பும் திறனின் பாதியோடு மூன்று என்று கணக்கிடப்படுவதால், வாள்திறன் 14 உள்ளவர் 10இல் தடுப்பார், 20 உள்ளவர் 13இல் தடுப்பார். பாதி வாய்ப்பு 83.8 விழுக்காடாகிவிடுகிறது.

பேரம் பேசுபவரின் மிகைத்திறனுக்கும் இப்படி ஒரு செலவுவழியை நீங்கள் திறந்துவைக்க வேண்டும். பாதி விதியிலேயே இருக்கிறது: ஒரு வேலையைப் பத்து விழுக்காடு குறைந்த நேரத்தில் முடிக்க −1, அப்படியே 90 விழுக்காடு வரை −9. சுங்க அதிகாரி வருவதற்குள் கணக்கேட்டைத் திருத்த வேண்டிய காட்சியில், கணக்குத் திறன் 17க்கும் 12க்கும் உள்ள வேறுபாடு மேசையில் எல்லோருக்கும் தெரியும்.

ஆறுமுகப் பகடை:

மேலே சொன்ன கணக்கை மறுக்கவில்லை. ஆனால் கணக்கு தெரிந்த நால்வர் உட்கார்ந்தால் நால்வரும் டெக்ஸ்டெரிட்டியையும் ஐக்யூவையும் உயர்த்திக்கொண்டு ஒரே அச்சில் வார்த்த கதாபாத்திரங்களோடு வருவார்கள். அது வேறொரு நோய். அதற்கு உச்சவரம்பே மருந்து. மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ் மூன்றாம் பதிப்பும் புள்ளி கொடுத்து வாங்கும் ஆட்டம்தான். பவர் லெவல், அதாவது கதாபாத்திரங்களின் ஆற்றல் நிலை, 10 என்றால் 150 புள்ளி. ஆனால் சமநிலையை அது புள்ளிகளிடம் ஒப்படைக்கவில்லை. தாக்கும் திறனும் தாக்கத்தின் அளவும் சேர்ந்து பவர் லெவலின் இரு மடங்கைத் தாண்டக் கூடாது. தற்காப்புக்கும் உறுதிக்கும் அப்படியே. குறி தவறாதவர் மெல்ல அடிப்பார், பலமாக அடிப்பவர் அடிக்கடி தவறவிடுவார். மீந்த புள்ளிகளைச் சண்டையில் கொட்டவே முடியாது என்பதால் அவை தாமாகவே வேறு திறன்களுக்குப் போய்ச்சேரும்.

கர்ப்ஸில் இதை அப்படியே நகலெடுக்கத் தேவையில்லை. தொடக்கத்தில் எந்த ஆயுதத்திறனும் 15க்கு மேல் இல்லை, எந்த அடிப்படைப் பண்பும் 13க்கு மேல் இல்லை. விரும்பினால் ஆளுக்கு ஒரு விதிவிலக்கு. இவ்வளவு போதும் என்பது என் கருத்து. கிளாஸைத் திரும்பக் கொண்டுவருவது தேவைக்கு மிஞ்சிய வைத்தியம்.

குறைபாடுகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அந்த 75 புள்ளியில்தான் உங்களுக்கு அடுத்த தொல்லை காத்திருக்கிறது. தோழர்களுக்குக் கடமைப்பட்டிருத்தல் என்ற குறைபாடு ஐந்து புள்ளி தருகிறது. குழுவாக ஆடும் ஆட்டத்தில் அது பெரும்பாலும் இனாம். ஒற்றாடல் மிகுந்த கதையில் பேராசையும் பகைவரும் உண்மையாகவே வலிக்கும். ஹீரோ சிஸ்டம் என்ற இன்னொரு புள்ளி ஆட்டத்தின் பழைய நெறியைக் கையாளுங்கள்: கட்டுப்படுத்தாத கட்டுப்பாட்டுக்குப் புள்ளி கிடையாது. இன்னும் நேரான வழி, மியூட்டன்ட்ஸ் செய்வதுபோல, குறைபாட்டுக்கு முன்பணம் தராமல் அது ஆட்டத்தில் உண்மையாகவே இடைஞ்சல் செய்யும்போது ஒரு சலுகைப் புள்ளி தருவது.

துறைமுகக் காவலன்:

இருவருக்கும் நன்றி. மறுகட்டமைப்புக்கு அனுமதி தருகிறேன், உச்சவரம்பையும் ஏற்கிறேன். ஒரு ஐயம் மட்டும் மிஞ்சுகிறது. தொடக்கத்தில் வரம்பு வைத்துவிட்டால், பிறகு ஆட்டத்தில் ஈட்டும் புள்ளிகளை எல்லோரும் பண்புகளிலேயே கொண்டுபோய்க் கொட்டமாட்டார்களா?

நடுவிருக்கை:

கொட்டுவார்கள், ஆனால் அதில் கண்ணி இல்லை. 1991இல் வந்த வேம்பயர்: தி மாஸ்கரேட் ஆட்டத்தில் கண்ணி இருந்தது. அதன் பழைய விதிகளில், கதாபாத்திரத்தை உருவாக்கும்போது ஒரு பண்பின் எந்தப் படியும் ஐந்து ஃப்ரீபி புள்ளிதான் (ஃப்ரீபி என்பது விருப்பம்போல் செலவிடத் தரும் தொடக்கப் புள்ளி). பிறகு அனுபவப் புள்ளியில் வாங்கினால், இருக்கும் அளவைப் போல் நான்கு மடங்கு. ஒன்றிலிருந்து இரண்டுக்கு நான்கு, நான்கிலிருந்து ஐந்துக்குப் பதினாறு. ஆகவே தொடக்கத்திலேயே உச்சப் படிகளை வாங்கிவிட்டு, பள்ளங்களைப் பிறகு மலிவாக நிரப்புபவர், சீராக வளர்ந்தவரைக் காலம் முழுக்க முந்தியே இருப்பார். கர்ப்ஸ் நான்காம் பதிப்பில் அன்றும் இன்றும் ஒரே விலை. ஒரு படி டெக்ஸ்டெரிட்டி எப்போது வாங்கினாலும் 20.

ஆனால் மேலே இருவரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு திறனின் உண்மையான விலையை நிர்ணயிப்பது புத்தகம் அல்ல, அதைப் பயன்படுத்த நீங்கள் தரும் சந்தர்ப்பம். கப்பல் செலுத்தும் திறன் பாலைவனக் கதையிலும் துறைமுகக் கதையிலும் ஒரே விலைக்குத்தான் விற்கிறது. எனவே புள்ளி கொடுக்கும் முன்னரே ஒரு பக்கத்தில் எழுதிக்கொடுங்கள்: எந்தத் திறன்கள் அடிக்கடி உருட்டப்படும், எவை எப்போதாவது, எவை அலங்காரம். அலங்காரத் திறன்களை விரும்புபவருக்கு அதற்கென்றே பத்துப் புள்ளி தனியாகக் கொடுத்துவிடலாம். பிறகு நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து கட்டட்டும். யார் எதில் முதல்வர் என்பதை அவர்களே பேசிப் பிரித்துக்கொள்வார்கள். இருவருக்கு ஒரே வேலை வந்தால் அதை அங்கேயே தீர்த்துவிடலாம். வரும் ஆட்டத்துக்கு நீங்கள் எழுதிவைத்திருக்கும் காட்சிகளில் எத்தனை வாளைக் கேட்கின்றன, எத்தனை கணக்கேட்டைக் கேட்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். உச்சவரம்பை எங்கே வைப்பது என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.