பேச்சிப்பாறை மறுகால் திறந்தா கோதையாத்துல ராஃப்டிங்: போலாமா, வேண்டாமா?

குலசேகரத்தான்:
மக்களே, நாங்க அஞ்சு பேரு. பேச்சிப்பாறை அணையில மறுகால் (நிறைஞ்சா வெளிய விடுற உபரி வெள்ளம்) திறந்ததும் கோதையாத்துல ராஃப்ட் (காத்தடைச்ச ரப்பர் படகு) இறக்கி, திற்பரப்பு தடுப்பணைக்கு மேலயே கரையேறணும்னு பிளான். ரெண்டு பேரு ரிஷிகேஷ்ல போனவனுவ. கருத்து சொல்லுங்க.

சப்பாத்து_பாலம்:
வேண்டாம் மக்கா. ரிஷிகேஷ்ல கைடு சத்தம் போட்டான், உன் ஆளுவ துடுப்பு போட்டானுவ, அவ்வளவுதான். ஜூலை ஆகஸ்டுல கங்கை பெருகினா அவங்களே ராஃப்டை மடிச்சு வச்சிருவாங்க. நீ பெருகும்போதுதான் இறங்குவேன்னு சொல்லுத. மறுகால் திறந்தா திற்பரப்புல குளிக்கவே தடை போடுவான், தெரியும்லா?

குலசேகரத்தான்:
கர்நாடகா தாண்டேலியில காளி ஆத்துல அணை வெள்ளத்தை நம்பித்தான ராஃப்டிங் நடக்கு?

சப்பாத்து_பாலம்:
அது கரண்ட் எடுக்க அளவு பாத்து விடுற வெள்ளம் வேய். இங்க மலையில மழை கொட்டினா ராத்திரி ஒரு அளவு, விடியக்காலம் வேற அளவு.

துடுப்பக்கா:
நான் கயாக் (துடுப்பு போடுற ஒடுக்கமான சின்ன படகு) ஓட்டுறவ. வேகம் எனக்குப் பயமில்ல தம்பி, தடுப்பணைதான் பயம். போன மழைக்கு குழித்துறை சப்பாத்து (வெள்ளம் மேல வழிஞ்சு விழுற தடுப்பணைப் பாலம்) பக்கத்துல நின்னு பாத்தேன். ஒரு தேங்கா அடியில விழுந்துச்சு. போகல. முங்கும், எழும்பும், திரும்ப சுவரைப் பாத்தே வரும். கால் மணிநேரம் அங்கனயே உருண்டுச்சு. விழுற வெள்ளம் அடியோட போயி மேலாப்புல பின்னால திரும்புது, அதான் காரணம். லைஃப் ஜாக்கெட் போட்ட ஆளும் அதுல தேங்காதான்.
அப்புறம் கரையில சாஞ்சு கிடக்க ரப்பர் மரம். கொப்புக்கு ஊடால வெள்ளம் போவும், ஆளு போகமாட்டான்.

குலசேகரத்தான்:
அக்கா, தடுப்பணைக்கு ரொம்ப முன்னாடியே ஏறிருவோம். அப்படிப் பாத்தா நம்ம ஆறு சும்மா பாக்கதுக்கு மட்டுமா?

துடுப்பக்கா:
எந்த இடத்துல ஏறுவே? அந்த இடம் தவறினா அடுத்தது எது? கரையில கயிறு வீச ஆரு நிப்பா? தாண்டிட்டா அம்பது அடி அருவி. இதுக்குப் பதில் வச்சிருந்தா நானே வாறேன். இல்லன்னா குழித்துறையில பரசுராம் ரயில் பிடிச்சு கேரளாவுல கோழிக்கோடு போ. கோடஞ்சேரி பக்கம் சாலிப்புழை, இருவஞ்ஞிப்புழை ஆறுகள்ல மழைக்காலத்துல கயாக் திருவிழாவே நடக்கும். முதல்ல கவுந்தா நிமிரப் படி.

குலசேகரத்தான்:
கோடஞ்சேரி பாக்கோம். ஆனா இதை விடமாட்டேன். வெள்ளம் வத்தினதும் கரையோட நடந்து பாறையையும் மரத்தையும் குறிச்சு வைக்கலாமா?

சப்பாத்து_பாலம்:
நடக்கதுக்குன்னா நானும் வாறேன். ராஃப்டை வீட்டுல வச்சிட்டு வா.