ஔவையாரின் பகிடியும் நிறைவான வாழ்வும்: மாணவிக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

ஒட்டுசுட்டான் ஆசிரியை:
வணக்கம். தமிழ்த்தினப் பேச்சுப் போட்டிக்காக மாணவி ஒருத்தியைப் பயிற்றுவித்து வருகிறேன். உள்ளதைக் கொண்டு நிறைவாக வாழ்வது பற்றி ஔவையார் பாடியவற்றை எடுத்துக்கொண்டோம். ‘உண்பது நாழி உடுப்பது நான்குமுழம் எண்பது கோடிநினைந்து எண்ணுவன’ என்று அவள் ஒப்புவித்தபோது, திண்ணையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த அவளுடைய அம்மம்மா, “செட்டிகுளத்து அகதி முகாமில நாங்கள் சாப்பிட்டதும் நாழிதான், உடுத்ததும் நாலு முழந்தான். அப்ப நாங்கள் நிம்மதியாயோ இருந்தனாங்கள், பிள்ளை?” என்று கேட்டார். என்னிடம் உடனடியாக மறுமொழி இருக்கவில்லை. போரில் எல்லாவற்றையும் இழந்து மீண்டும் தொடங்கியவர்கள் நிறைந்த சபையில், உபதேசமாக ஒலிக்காமலும் ஔவையின் நகைச்சுவை கெடாமலும் இதை எப்படிப் பேசுவது? பொருத்தமான வேறு பாடல்கள் உண்டா?

பனங்காமம்:
ரீச்சர், அம்மம்மாவின் கேள்வியை ஒதுக்கிவிடாமல் பேச்சின் முதல் வரியாகவே வைக்கலாம். நல்வழியில் வரும் அந்த வெண்பாவின் ஏச்சு, நாழி அரிசியோடு நின்றுவிட்டவர் மீது விழவில்லை. அது வயிறு நிறைந்த பிறகும் எண்பது கோடி எண்ணுகின்ற ‘கண்புதைந்த மாந்தர்’ மீது விழுகிறது. பசித்தவனைப் பார்த்து ‘போதும் என்று சொல்’ என ஔவை எங்கும் பாடவில்லை. தன் வயிற்றைப் பார்த்தே ‘ஒருநாள் உணவை ஒழியென்றால் ஒழியாய், இருநாளுக்கு ஏலென்றால் ஏலாய்’ என்று சண்டை பிடித்தவர் அவர்.

எனக்கு மிகவும் பிடித்தவை அவர் பெயரில் வழங்கும் இரண்டு தனிப்பாடல்கள். இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால்தான் சுவை. பாண்டியன் வீட்டுக் கலியாணத்துக்குப் போய்த் திரும்பியவரிடம் விருந்து எப்படி என்று கேட்டதற்கு அவர் சொன்னதாக வருவது முதலாவது:

‘வண்டமிழைத் தேர்ந்த வழுதி கல்யாணத்து
உண்ட பெருக்கம் உரைக்கக்கேள் – அண்டி
நெருக்குண்டேன் தள்ளுண்டேன் நீள்பசியி னாலே
சுருக்குண்டேன் சோறுண் டிலேன்.’

மற்றையது புல்வேளூர்ப் பூதன் என்ற எளியவன் இட்ட சோற்றைப் பற்றியது. வரகரிசிச் சோறு, வாட்டிய கத்தரிக்காய், ‘முரமுரெனவே புளித்த மோர்’ ஆகிய மூன்றுதான் அங்கே கிடைத்தவை. அந்தச் சோறு எல்லா உலகும் பெறும் என்று முடிக்கிறார். அரசன் வீட்டில் இல்லாததும் பூதன் வீட்டில் இருந்ததும் எது என்பதை அவர் விளக்கவில்லை. அன்போடு இட்ட சோறு என்பதை மட்டும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறார். இன்றைய மண்டபக் கலியாணங்களில் வீடியோக்காரரின் விளக்கு வெளிச்சத்தில் கோப்பையும் கையுமாக வரிசையில் நின்றவர் எவருக்கும் முதற்பாட்டு உரையில்லாமலே விளங்கும்.

பழைய ஏடு:
ஒரு திருத்தம் மட்டும். சங்ககால ஔவையார் வேறு, 40 வெண்பாக்கள் கொண்ட நல்வழியைப் பாடிய பிற்கால ஔவையார் வேறு என்பதே ஆய்வாளர் பலரின் முடிபு. தனிப்பாடல்களும் அவற்றோடு வரும் கதைகளும் மரபுவழி வழங்குபவை. ஆகையால் அதியமானையும் நெல்லிக்கனியையும் இந்தப் பேச்சுக்குள் கொண்டுவர வேண்டாம். விடயம் அறிந்த நடுவர் புள்ளியைக் குறைப்பார்.

குளக்கட்டு:
நான் கிளிநொச்சியில் வயல் செய்பவன். நல்வழியின் ‘பாடுபட்டுத் தேடிப் பணத்தைப் புதைத்துவைத்து’ என்ற பாட்டை எடுப்பதானால் சற்றுக் கவனமாக எடுங்கள். வன்னியில் புதைத்தவர்கள் எல்லோரும் கருமிகள் அல்லர். 2009இல் வீட்டை விட்டுப் புறப்பட்டபோது, என் தாயார் காப்புச் சோடியைப் போத்தல் ஒன்றினுள் இட்டு, மூடியை மெழுகால் அடைத்து, கிணற்றடி முருங்கையின் கீழ்ப் புதைத்தார். திரும்பி வந்தபோது பற்றை மண்டியிருந்தது, அடையாளத்துக்கு இருந்த முருங்கையைக் காணவில்லை. பல இடங்களில் தோண்டியும் காப்புக் கிடைக்காமற்போக, தோண்டிய குழிகளை வீணாக்காமல் தென்னம்பிள்ளை வைத்தோம். அவை இப்போது காய்க்கின்றன. ‘யாரே அனுபவிப்பார்’ என்று ஔவை கேட்டால், எங்கள் வீட்டில் நாள்தோறும் சம்பலாக அனுபவிக்கிறோம் என்பது தாயாரின் பகிடி. தானும் உண்ணாமல் பிறருக்கும் கொடாமல் புதைத்தவனைத்தான் ஔவை ‘கேடுகெட்ட மானிடரே’ என்கிறார் என்பதை மாணவி ஒரு வரியிலாவது சொல்லட்டும்.

இன்றைய வன்னிக்கு உறைப்பாகப் பொருந்துவது ‘ஆன முதலில் அதிகம் செலவானால்’ என்ற வெண்பா. வரவுக்கு மேல் செலவழித்தவன் ‘போனதிசை எல்லார்க்கும் கள்ளனாய்’ ஆவான் என்கிறார். நுண்கடன் அறவிட வருபவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் பின்வேலிப் பொட்டுக்குள்ளால் வெளியேறுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். களவு எடுக்காமலே கள்ளனாக நடக்க வேண்டியிருக்கிறது. சிறுபோக நெற்செய்கைக்கு இரணைமடுக் குளத்தின் நீர் இருப்பைப் பார்த்து, கூட்டம் கூடி, இத்தனை ஏக்கர்தான் என்று தீர்மானித்த பிறகே விதைக்கிறோம். லீசிங்கில் உழவு இயந்திரம் எடுக்கும்போது அப்படியொரு கூட்டத்தை எவரும் வீட்டில் வைப்பதில்லை.

‘உழுதுண்டு வாழ்வதற்கு ஒப்பில்லை கண்டீர்’ என்பதையும் சேர்க்க நினைத்தால் வேண்டாம். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்த பின் வீழ்ந்த விளைச்சலை மறக்காத கமக்காரர்கள் சபையில் இருப்பார்கள். ஔவை சொல்லாத இடத்தில் சிரிப்பார்கள்.

ஒட்டுசுட்டான் ஆசிரியை:
மிக்க நன்றி. அம்மம்மாவின் கேள்வியோடு தொடங்கி, கலியாணம், பூதன், கடன் என்ற ஒழுங்கில் எழுதப் போகிறோம். புதைத்த பணம் பற்றிய பாட்டை, குளக்கட்டு அண்ணாவின் தாயார் அனுமதித்தால் மட்டும், பெயர் குறிப்பிடாமல் அந்தத் தென்னைகளோடு சேர்ப்போம். கலியாணப் பாட்டுக்குப் பொருள் சொல்ல வேண்டுமா?

பனங்காமம்:
வேண்டாம், ரீச்சர். ‘சுருக்குண்டேன்’ என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு மூச்சு நிறுத்தி, கடைசி இரண்டு சொற்களை மெதுவாகச் சொல்லப் பழக்குங்கள். பொருள் சொன்னால் பகிடி போய்விடும்.

குளக்கட்டு:
தாயாரிடம் கேட்டேன். சம்மதம், ஆனால் காப்பின் பவுண் கணக்கைச் சபையில் சொல்லக் கூடாதாம்.