சிலிக்கான் மோல்டில் குட்டி சாக்லேட் கேக்: உங்களுக்கு எப்படி வந்தது?

வடவள்ளி அக்கா:
பையன் பிறந்தநாளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுக்கலாம் என்று 12 குழி சிலிக்கான் மோல்டு வாங்கினேன். இதய வடிவம், பணியாரக் குழியைவிடக் கொஞ்சம் பெரிசு. இட்லித் தட்டு மாதிரி விறைப்பாக நிற்கும் என்ற நினைப்பில் அடுப்பு மேடையிலேயே வைத்துக் குழி நிறைய மாவை ஊற்றி, இரண்டு ஓரத்தையும் பிடித்துத் தூக்கினேன். நடுவயிறு தொங்கிவிட்டது. பாதி மாவு ஓடிஜி (சின்னக் கரண்ட் ஓவன்) கதவில், மீதி என் நைட்டியில்.

மிஞ்சியதை 180 டிகிரியில் 15 நிமிடம் வைத்து எடுத்து, சூட்டோடு சூடாக அமுக்கித் தள்ளினால் தலை மட்டும் கையோடு வருகிறது, உடம்பு குழியிலேயே உட்கார்ந்திருக்கிறது. முழுசாக வந்தது மூன்றே மூன்று. "அம்மா, இது சாக்லேட் உப்புமாவா?" என்றான். அன்றைக்குக் கடை மிட்டாய்தான் போனது. ஒட்டவே ஒட்டாது என்று அட்டையில் போட்டிருந்ததை நம்பி எண்ணெய்கூடத் தடவவில்லை, என் புத்தி.

நெல்லைக்காரி:
அக்கா, எங்க வீட்லயும் இதே கூத்துதான். இப்பல்லாம் மோல்டைக் காலியாவே தட்டுல வச்சிட்டு, அப்புறம்தான் மாவு ஊத்துறது. மூணுல ரெண்டு பங்குக்கு மேல போறதில்ல.

எங்கிட்ட ஓவன் கிடையாது. தனித்தனி சிலிக்கான் கப்ல ஊத்தி இட்லிப் பானையிலதான் வேக வைப்பேன். முதல் தடவ மூடியிலேர்ந்து தண்ணி சொட்டி, கேக் மேல ஒரே பிசுபிசுப்பு. அடுத்த தடவ மூடிக்குத் துணி கட்டினேன், சரியாப் போச்சு. மேல மொறுமொறுன்னு வராது, ஆனா உள்ள பஞ்சு மாதிரி இருக்கும். எங்க மாமியாருக்கு அதுதான் பிடிக்குது, பல்லு இல்லல்ல!

பேக்கரி தம்பி:
அக்கா, ஏழு வருசமா பேக்கரியில நிக்கிறேன், அதனால சொல்றேன். தகர டின் சூட்டைச் சட்டுன்னு வாங்கிக்கும். சிலிக்கான் மந்தம். டின்னுக்கு 15 நிமிசம்னா இதுக்கு ரெண்டு மூணு நிமிசம் கூட வேணும். ஓரமும் அவ்வளவா சிவக்காது. சாக்லேட் கேக்ல நிறத்தை வச்சு வெந்ததைக் கண்டுபிடிக்கவும் முடியாது, குச்சி குத்தித்தான் பாக்கணும்.

வெந்ததும் கை வைக்காதீங்க. சூட்டுல கேக் ரொம்ப மெது. 15 நிமிசம் ஆறினா இறுகி, ஓரத்துலேர்ந்து தானே விலகும். அப்புறம் மோல்டைக் கவுத்து, கேக்கை இழுக்காம மோல்டை வெளிப்பக்கமா மடிச்சு உரிங்க. அப்பவும் வரலையா, அரை மணி நேரம் ஃப்ரீசர். ஸ்ப்ரே எண்ணெய் மட்டும் வேண்டாம், நாளாக நாளாகப் பிசின் மாதிரி படிஞ்சிடும்.

தஞ்சாவூர் மருமகள்:
சோப்பு வாசனையை யாரும் சொல்லவில்லையே? எலுமிச்சை வாசம் அடிக்கும் சோப்பில் கழுவி அப்படியே எடுத்து வைத்தேன். அடுத்த வாரம் செய்த கேக்கில் கொக்கோவுக்கு முன்னால் சோப்புதான் நாக்கில் ஏறியது. சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி ஊறவைத்துக் கழுவி, காலி மோல்டை ஓவனில் கொஞ்ச நேரம் சூடாக்கிய பிறகுதான் போனது. மீன் வறுத்த எண்ணெய் பக்கத்திலும் அண்டவிடாதீர்கள், அந்த வாடையையும் பிடித்துக்கொள்ளும்.

வடவள்ளி அக்கா:
ஞாயிற்றுக்கிழமை மறுபடி இறங்கினேன். முட்டை போடவில்லை. முக்கால் கப் மைதா, அரை கப் சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி கொக்கோ, அரைத் தேக்கரண்டி சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு. இன்னொரு கிண்ணத்தில் அரை கப் தண்ணீர், மூன்று மேசைக்கரண்டி எண்ணெய், ஒன்றரைத் தேக்கரண்டி வினிகர். வினிகர் பட்டதும் சோடா பொங்கத் தொடங்கிவிடும், அதனால் ஓவனைச் சூடாக்கிவிட்டுத்தான் இரண்டையும் கலந்தேன். தண்ணீருக்குப் பதில் ஆறிய டிகாக்ஷன் ஊற்றினேன். கொக்கோ வாசம் தூக்கியது, காபி ருசி தெரியவே இல்லை.

குழியில் எண்ணெய் தொட்டு, மைதாவுக்குப் பதில் கொக்கோ தூவினேன், வெள்ளைத் திட்டு விழாது. தட்டில் வைத்து 18 நிமிடம். ஆறும்வரை அந்தப் பக்கமே போகக் கூடாது என்று துணி மடிக்க உட்கார்ந்துவிட்டேன்.

12-இல் 11 முழுசு! ஒன்றுக்கு மட்டும் இதயத்தின் கூர்முனை உடைந்தது, அங்கே எண்ணெய் படவில்லை போல. தம்பி, ரோஜாப்பூ மோல்டு ஒன்றும் கூடவே வாங்கித் தொலைத்திருக்கிறேன். அந்த இதழ் இடுக்குக்கெல்லாம் பிரஷ் போகுமா?