சஜ்ஜராவ் கோட்டைக்கு நடந்து ஏற வழி தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். வேலூர் கோட்டைக்குக் கிழக்கே மலைமேல் இருக்கும் சஜ்ஜராவ் கோட்டைக்குப் பாதை தேடுகிறேன். 1677-78இல் வேலூர் கோட்டையை முற்றுகையிட்ட மராத்தியர் தளம் அமைத்த இடம். சாகுமுன் ஒருமுறை பார்க்கணும் என்கிறார் அப்பா. வயது 63. நிதானமாக ஏறுவார், பாறை தாவ முடியாது.

வேலூர் சைதாப்பேட்டைப் பக்கமிருந்து முயன்றோம். கடைசி வீடுகளைத் தாண்டினால் ஒற்றையடிப்பாதை நன்றாகவே இருக்கிறது. வழுக்குப்பாறைக்கு மேலேதான் சிக்கல்: உண்ணிச்செடி ஆளுயரம், ஆட்டுத்தடம் மூன்றாகப் பிரிந்து மூன்றுமே முள்ளில் முட்டி நிற்கிறது. மதில் அங்கிருந்தே தெரிகிறது, திரும்பி இறங்க மனசே வரவில்லை. மேப்பில் கோடு இல்லை. ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர், "மழைக்கப்புறம் மூடிக்கிச்சுப்பா, அந்தாண்ட சுத்திப் போ" என்றார். அந்தத் திருப்பம் கண்ணில் படவில்லை. மார்கழியில், விடியற்காலையில் போகத் திட்டம்.

இந்த மழைக்குப் பிறகு ஏறியவர்கள், எந்தத் தெருவில் தொடங்கி எந்தப் பக்கமாகச் சுற்றினீர்கள்?