அகமதாபாத் 2030: தில்லி 2010ஐ நேரில் கண்டவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கேள்வி: திருச்சியிலிருந்து ஓர் ஆசிரியை

2030ஆம் ஆண்டின் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் அகமதாபாத்தில் நடைபெறும் என்பது 2025 நவம்பரில் கிளாஸ்கோவில் உறுதியானதிலிருந்து எங்கள் பள்ளி ஆசிரியர் அறை இரண்டுபட்டுக் கிடக்கிறது. நம் பிள்ளைகள் உலகத் தரமான களத்தைச் சொந்த நாட்டிலேயே பார்க்கப் போகிறார்கள் என்று உடற்கல்வி ஆசிரியர் பூரித்துப் போயிருக்கிறார். பொருளியல் ஆசிரியர் இதை ஏற்பதாக இல்லை. 2026ஆம் ஆண்டுப் போட்டியை நடத்த ஒப்புக்கொண்டிருந்த ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 260 கோடி ஆஸ்திரேலிய டாலராக இருந்த மதிப்பீடு 600 கோடியைத் தாண்டிவிடும் என்று சொல்லி 2023 ஜூலையில் விலகியதையும், அதற்காக 38 கோடி டாலர் இழப்பீடு கொடுத்ததையும் எடுத்துக்காட்டி, வசதி படைத்த மாநிலமே இறக்கி வைத்த சுமையை நாம் ஏன் ஏற்க வேண்டும் என்று கேட்கிறார்.

இருவர் சொல்வதிலும் எனக்கு நியாயம் தெரிகிறது. 2010இல் தில்லியில் நடந்தபோது நான் மாணவி. செய்திகளில் திரும்பத் திரும்பக் கேட்ட ஊழல் என்ற சொல்லைத் தவிர வேறெதுவும் மனத்தில் பதியவில்லை. போட்டி முடிந்தபின் அந்த ஊரில் என்ன மிஞ்சியது, யாருக்கு மிஞ்சியது என்பதை அங்கிருந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

பதில்: தில்லி, மயூர் விஹாரிலிருந்து

யாருக்கு மிஞ்சியது என்று கேட்டீர்களே அம்மா, அதற்கே முதலில் விடை தேட வேண்டும். என்னைப் போன்ற நடுத்தர வர்க்கத்தாருக்கு நிறையவே மிஞ்சியது. விமான நிலையத்தின் மூன்றாம் முனையம் அந்த ஆண்டில்தான் திறக்கப்பட்டது. மத்தியச் செயலகத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் மெட்ரோ வழித்தடம், தொடக்க விழா நடந்த அக்டோபர் 3ஆம் தேதியன்றே ஓடத் தொடங்கியது. அவற்றை இன்றும் பயன்படுத்திக்கொண்டு, போட்டியால் ஒரு பயனும் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் பாராபுல்லா மேம்பாலச் சாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். யமுனைக் கரையில், அக்ஷர்தாம் கோயிலுக்கு அருகே கட்டப்பட்ட விளையாட்டுக் கிராமத்திலிருந்து வீரர்களை நெரிசலில் சிக்காமல் ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்குக்குக் கொண்டு சேர்ப்பதற்காக, ஒரு கழிவுநீர்க் கால்வாயின் மேல் போடப்பட்ட சாலை அது. அந்தக் கால்வாயின் ஓரம், ஜங்புரா பகுதியில், விழுப்புரம், சேலம் பக்கமிருந்து பிழைக்க வந்த நம் மக்கள் தலைமுறைகளாகக் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். வீட்டு வேலை, கட்டட வேலை, காவல் வேலை என்று சுற்றியிருந்த குடியிருப்புகள் அவர்கள் உழைப்பில்தான் நடந்தன. போட்டிக்கு முன் அந்தப் பகுதியில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் தலித் குடும்பங்களின் வீடுகள் வாகன நிறுத்தத்துக்கென்று இடிக்கப்பட்டன. அதே கால்வாயோரம் எஞ்சியிருந்த மதராசி கேம்ப் 2025 ஜூனில், கால்வாயைத் தூர்வார வேண்டும் என்ற நீதிமன்ற உத்தரவின் பேரில், தரைமட்டமாக்கப்பட்டது. இரண்டாவது இடிப்புக்கும் போட்டிக்கும் தொடர்பில்லை என்பது உண்மைதான். ஆனால் அங்கிருந்த 370 வீடுகளில் 189 மட்டுமே மாற்று வீட்டுக்குத் தகுதியானவை என்று கணக்கிட்டு, அவர்களையும் வேலையிடத்திலிருந்து வெகுதொலைவிலுள்ள நரேலாவுக்கு அனுப்பினார்கள். இந்த நகரம் 2010இல் பழகிய பழக்கம் இன்னும் மாறவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

அந்த ஆண்டு செப்டம்பரில் சாலையோரம் ஷேரா என்ற புலிச் சின்னம் சிரித்துக்கொண்டிருக்கும் பெரிய பதாகைகளை வரிசையாக நட்டார்கள். விருந்தினர் கண்ணில் குடிசைகள் படக் கூடாது என்பதற்காக அவை வைக்கப்பட்டன. ஒரு பதாகையின் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு ஓர் அம்மாள் தண்ணீர்க் குடத்தோடு குனிந்து வெளியே வந்ததைப் பார்த்தேன். பல்கலைக்கழக விடுதிகள் விருந்தினருக்காக என்று காலி செய்யப்பட்டன; மாணவர்கள் வாடகை அறை தேடி அலைந்தார்கள். பட்டியல் சாதியினருக்கான துணைத் திட்ட நிதியிலிருந்து பல நூறு கோடி ரூபாய் போட்டிப் பணிகளுக்குத் திருப்பிவிடப்பட்டது நாடாளுமன்றத்திலேயே பேசப்பட்டது. 1,200 கோடி ரூபாயாகத் தொடங்கிய மதிப்பீடு 18,532 கோடியில் போய் நின்றதாகத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சொல்கிறது. யார் திருடினார் என்ற பேச்சிலேயே நாடு மூழ்கிவிட்டதால், யார் வீடிழந்தார் என்பதைப் பெரும்பாலோர் கேட்கவே இல்லை. எனக்கு இன்றும் அடங்காத வருத்தம் அதுதான்.

பதில்: டேபிள் டென்னிஸ் பயிற்சியாளர், சென்னை

தில்லி நண்பர் எழுதியதில் ஒரு வரியையும் நான் மறுக்க மாட்டேன். ஆயினும் விளையாட்டுக்காரர்களின் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். 2006இல் மெல்போர்னில் இந்தியா பெற்றது 50 பதக்கம். தில்லியில் பெற்றது 101. அதில் தங்கம் 38, இங்கிலாந்தைவிட ஒன்று கூடுதல். வட்டு எறிதலில் கிருஷ்ணா பூனியா, ஹர்வந்த் கவுர், சீமா அன்டில் ஆகிய மூவரும் முதல் மூன்று இடங்களையும் பிடித்தார்கள். 1958இல் மில்கா சிங் வென்றதற்குப் பிறகு தடகளத்தில் நமக்குக் கிடைத்த முதல் காமன்வெல்த் தங்கம் பூனியாவுடையதுதான். நம் சரத் கமல், சுபஜித் சாஹாவுடன் இணைந்து ஆடவர் இரட்டையரில் தங்கம் வென்றபோது, அது வரை என் பயிற்சிக்கூடத்தை எட்டிப் பார்க்காத பெற்றோர்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள். சொந்த மண்ணில் சொந்த மொழிக்காரன் வெல்வதைப் பார்க்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு உண்டாகும் ஆசையை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுதிவிட முடியாது.

இதையும் மறைக்காமல் சொல்கிறேன். மகளிர் 4×400 மீட்டர் தொடரோட்டத்தில் நாடே எழுந்து நின்று கைதட்டிய அந்த நால்வரில் மூவர் அடுத்த ஆண்டே ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார்கள். நாள் குறித்துவிட்டுப் பதக்கம் கேட்கும் அவசரம் வீரர்களை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அது சான்று. 2030ஐ முன்னிட்டு மாவட்டந்தோறும் பயிற்றுநர்களையும் தரமான ஆடுகளங்களையும் இப்போதே ஏற்பாடு செய்தால் நான் முழு மனத்துடன் வரவேற்பேன். அகமதாபாத்தில் மட்டும் அரங்குகள் எழுந்து, திருச்சியில் உங்கள் பள்ளிப் பிள்ளைகள் மண்தரையிலேயே ஓடிக்கொண்டிருந்தால், உடற்கல்வி ஆசிரியரின் மகிழ்ச்சிக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

பதில்: மட்டக்களப்பிலிருந்து

எங்கள் நாட்டின் அனுபவத்தையும் இங்கு பதிவு செய்ய விரும்புகிறேன். 2018ஆம் ஆண்டுப் பொதுநலவாய (காமன்வெல்த்) விளையாட்டு விழாவை, அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவின் சொந்த மாவட்டமான அம்பாந்தோட்டையில் நடத்த இலங்கை கேட்டது. 2011 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் நகரிடம் தோற்றது. அன்று பலரும் மனம் வருந்தினார்கள். இன்று நினைத்துப் பார்த்தால் தப்பினோம் என்றே தோன்றுகிறது. ஏனென்றால், அதே ஆண்டு கிரிக்கெட் உலகக் கிண்ணத்துக்கென்று அம்பாந்தோட்டை மாவட்டத்தின் சூரியவெவ பகுதியில் 35,000 பேர் அமரக்கூடிய மைதானம் ஒன்று கட்டப்பட்டது. அந்த உலகக் கிண்ணத்தில் அங்கு நடந்தவை இரண்டே ஆட்டங்கள். மைதானங்கள் கட்டிய கடனில் கிரிக்கெட் சபை மூழ்கி, வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கவே மாதக்கணக்கில் திண்டாடியது. போட்டிக்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது அங்கே பிறகு யார் விளையாடுவார்கள் என்பதைப் பார்க்காமல், அது எந்த அரசியல்வாதியின் சொந்த ஊர் என்பதைப் பார்த்தால் இப்படித்தான் முடியும்.

பதில்: சென்னை, வேளச்சேரியிலிருந்து

மட்டக்களப்பு நண்பர் சொன்னதற்கு மறுபக்கமும் உண்டு. 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் சென்னையில் நடந்தன. அதற்காகக் கட்டிய வேளச்சேரி நீச்சல் வளாகத்தில்தான் என் மகள் நீந்தக் கற்றாள். ஊருக்கு நடுவில், பேருந்தில் போய்ச் சேரக்கூடிய இடத்தில் அமைந்ததால் அதற்கு ஆள் வரத்து குறையவில்லை. 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாடை ரஷ்யாவிடமிருந்து மாற்றி நமக்குக் கொடுத்தபோது இருந்த அவகாசம் ஏறத்தாழ நான்கு மாதம். இருந்த அரங்கோடு தற்காலிகமாக இன்னோர் அரங்கையும் எழுப்பி நடத்தி முடித்தார்கள். அப்போதும் இந்தச் செலவு தேவையா என்று கேட்டவர்கள் இருந்தார்கள், கேட்டதில் தவறில்லை. சதுரங்கத்துக்கு வேண்டியது மேசையும் நாற்காலியும்தான் என்பதால் அதைத் தடகளத்தோடு ஒப்பிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால், இருப்பதைக் கொண்டு நடத்துவது இழுக்கு என்ற எண்ணம் நம் அரசுகளிடமிருந்து போக வேண்டும். விக்டோரியா விலகியபின் 2026 போட்டியை ஏற்ற கிளாஸ்கோ, விளையாட்டுகளைப் பத்தாகக் குறைத்துக்கொண்டு, இருக்கும் அரங்குகளையே பயன்படுத்த முடிவு செய்தது.

மீண்டும் தில்லி, மயூர் விஹாரிலிருந்து

பயிற்சியாளர் ஐயா எழுதியதைப் படித்தபின் ஒன்றைச் சேர்க்க நினைக்கிறேன். 2010 செப்டம்பர் 21 அன்று, தொடக்க விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில், நேரு விளையாட்டரங்கின் அருகே கட்டப்பட்டுக்கொண்டிருந்த நடைமேம்பாலம் இடிந்து தொழிலாளர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். போட்டிப் பணியிடங்களில் குறைந்தபட்சக் கூலி கொடுக்கப்படவில்லை, பாதுகாப்பு ஏற்பாடுகள் போதவில்லை என்ற வழக்கு அதற்கு முன்பே தில்லி உயர் நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது; நீதிமன்றம் அமைத்த குழுவும் குறைகளைச் சுட்டிக்காட்டியிருந்தது. கட்டடத் தொழிலாளர்களுக்கென்று 1996ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காட்டை வசூலித்து அவர்களுடைய நலனுக்குச் செலவிட வேண்டும் என்பதும் அப்போதே சட்டமாக இருந்தது. ஆனால் நலவாரியத்தில் பெயர் பதியாதவருக்கு அதில் ஒரு ரூபாய்கூடப் போய்ச் சேராது. அகமதாபாத்தில் எந்த ஒப்பந்ததாரரிடம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் பதிவு பெற்றவர்கள், எந்தக் குடியிருப்புகள் அகற்றப்பட உள்ளன, அங்கிருப்பவர்களுக்கு எங்கே மாற்று வீடு என்ற விவரங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இப்போதே கேட்கலாம். 2010இல் நாங்கள் கேட்கத் தொடங்கியபோது பாலங்கள் பாதி எழும்பிவிட்டன, வீடுகளும் போய்விட்டன.