3 மாதக் குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கலாமா?

தேன்கனிக்கோட்டை அம்மா:
இங்கே குளிர் தாங்க முடியவில்லை என்று மாமியார் பாப்பாவுக்குக் குல்லா, கம்பளி, கடுகுத் தலையணை எல்லாம் வைத்துக் குப்புறப் படுக்க வைக்கிறார். மல்லாந்து படுத்தால் கக்கிய பால் புரையேறிவிடுமாம். நன்றாக இருந்த குழந்தை தூக்கத்திலேயே இறந்துபோவது உண்டு என்று படித்ததிலிருந்து எனக்கு இரவெல்லாம் தூக்கமில்லை.

பாலக்கோடு நர்ஸ்:
மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும், பகலிலும் சரி, இரவிலும் சரி. மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் உணவுக்குழாய்க்கு மேலே இருக்கும், அதனால் கக்கினாலும் பால் எளிதில் உள்ளே போகாது, அத்தையிடம் இதைச் சொல்லுங்கள். இந்தத் திடீர் மரணம் 1 வயதுக்குள், அதிகமாக 2 முதல் 4 மாதத்தில் நடக்கிறது. அமெரிக்காவில் 1994-ல் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லிப் பிரசாரம் தொடங்கிய பிறகு இந்த மரணங்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. தலையணை, தளர்வான கம்பளி வேண்டாம். தூங்கும்போது குல்லாவையும் கழற்றிவிடுங்கள், உடம்பு அதிகம் சூடானாலும் ஆபத்துதான். உங்களைவிட ஒரு சட்டை கூடுதல், போதும்.

ஓசூர் அப்பா:
வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடிக்கிறார்களா? அதுவும் பெரிய காரணம். நான் அதற்காகவே விட்டேன், கௌரவத்துக்கு இல்லை!

தேன்கனிக்கோட்டை அம்மா:
மாமனார் பீடி பிடிப்பார்... அப்புறம் தூளி?

பாலக்கோடு நர்ஸ்:
தூளியில் கழுத்து மடங்கி முகம் துணியில் புதையலாம். உங்கள் அறையிலேயே, கெட்டியான தட்டை மெத்தையில் தனியாகப் படுக்க வையுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.